முடித்ததைக் காட்டுங்கள், திருப்பியும் காட்டுங்கள்

ஊசிமுனை

இந்த மாதம் நம் கைவேலை வட்டத்துக்கு ஒரு சின்ன வேண்டுகோள். முடித்த வேலையைப் படம் எடுக்கும்போது, விரும்பினால், அப்படியே திருப்பிப் போட்டு இன்னொரு படமும் எடுத்துவிடுங்கள். பை என்றால் உள்பக்கம், எம்பிராய்டரி என்றால் பின்பக்கம், உடுப்பு என்றால் உள் தையல். முன்பக்கத்தைப் பார்த்து ரசிக்க முடிகிறது. ஆனால் அதே மாதிரி நாமும் செய்து பார்க்கலாம் என்று நினைத்தால், பின்பக்கம் பார்க்காமல் ஒன்றும் பிடிபடுவதில்லை.

நானே தொடங்குகிறேன். கட்டம் போட்ட கெட்டிப் பருத்தியில் ஒரு தோள்பை. லைனிங் கிடையாது. லைனிங் இல்லாத பையில் பிசிறு கண்ணில் படும், என்னிடம் ஓரம் பிசிறாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷினும் இல்லை. அதனால் பிரெஞ்சுத் தையல். நம் வட்டத்தின் கூடலில் செய்முறை கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்: தையலுக்கு 5/8 இன்ச் விட்டு வெட்டிக்கொள்ளுங்கள். முதலில் துணியின் நல்ல பக்கங்கள் வெளியே இருக்கும்படி சேர்த்து வைத்து (வழக்கத்துக்கு நேர்மாறாக) 3/8 இன்ச்சில் ஒரு தையல். அந்த ஓரத்தை 1/8 இன்ச் மட்டும் நிற்கும்படி கத்தரித்து இஸ்திரி போடுங்கள். அப்புறம் துணியைப் புரட்டி, நல்ல பக்கங்கள் உள்ளே சேர, 1/4 இன்ச்சில் இன்னொரு தையல். வெட்டிய ஓரம் முழுக்க உள்ளே அடைபட்டுவிடும். கத்தரிக்கும்போது மட்டும் சோம்பல் கூடாது. ஓர் இழை நீளமாக நின்றாலும் இரண்டாவது தையலைத் தாண்டி மீசை மாதிரி எட்டிப் பார்க்கும்.

நேர்த் தையலுக்குத்தான் இது அழகாக வரும். நல்ல வளைவில் மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும். பையின் அடி மூலைகள் வளைவாக இருப்பதால் அங்கே கிராஸ் பீஸ் (சாய்வாக வெட்டிய துணிப்பட்டை) வைத்து மூடியிருக்கிறேன், மூன்றாவது படத்தில் இருக்கிறது.

நூல்கண்டு

அக்கா, எது உள், எது வெளி என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவ்வளவு சுத்தம்!

என்னுடையது கிராஸ் ஸ்டிச். கட்டம் கட்டமாக நெய்த 14 கவுண்ட் ஐடா துணி, அதாவது ஓர் இன்ச்சுக்கு 14 கட்டம். படம் 140 கட்டம் அகலம் என்பதால் தைத்த பகுதி சரியாக 10 இன்ச் வந்தது. புதிதாகச் செய்பவர்கள் துணி வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, சுற்றிலும் குறைந்தது 3 இன்ச் கூடுதலாக விடுங்கள். ஃபிரேம் போடும்போது இழுத்துக் கட்ட இடம் வேண்டும்.

பின்பக்கத்தில் முடிச்சே இல்லை, பாருங்கள். இரண்டு இழையில் தைப்பதாக இருந்தால் இரண்டு இழையைச் சேர்த்துக் கோக்காதீர்கள். ஒரே இழையை இரட்டை நீளத்துக்கு எடுத்து, சரிபாதியாக மடித்து, இரண்டு நுனிகளையும் ஊசிக்காதில் கோத்துக்கொள்ளுங்கள். மடிப்பு, வால் பக்கம் வளையமாக நிற்கும். முதல் தையலுக்கு ஊசியை மேலே எடுத்து, மறுபடி கீழே இறக்கும்போது பின்னால் இருக்கும் அந்த வளையத்துக்குள் ஊசியை விட்டு இழுத்தால் போதும், நூல் தானே பூட்டிக்கொள்ளும். இரண்டு, நான்கு, ஆறு என்று இரட்டைப்படை இழைகளுக்கு மட்டும்தான் இது நடக்கும். முடிக்கும்போது பின்னால் இருக்கும் நாலைந்து தையல்களுக்கு அடியில் ஊசியை நுழைத்து எடுத்து வெட்டிவிடுகிறேன்.

பச்சைப்பொத்தான்

இரண்டும் அருமை. ஆனால் இந்த வேண்டுகோளில் எனக்கு உடன்பாடு இல்லை, சொல்லிவிடுகிறேன்.

சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற ஒரு வேலைக்குப் பின்பக்கம் எப்படி இருந்தால் என்ன? "பின்பக்கமும் முன்பக்கம் போலவே இருக்க வேண்டும்" என்று ஊசி பிடித்த நாள் முதல் சொல்லிச் சொல்லி மிரட்டியே எத்தனையோ பேரை இந்தக் கலையிலிருந்து விரட்டியிருக்கிறோம். நம் வட்டத்திலேயே புதிதாகச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். நூல்கண்டு போட்ட பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் தங்கள் படத்தைப் போடாமலே போய்விட்டால் யாருக்கு நஷ்டம்? கைவேலை செய்வதில் வரும் சந்தோஷத்துக்கு யாரும் பரீட்சை வைக்கக் கூடாது.

ஊசிமுனை

நீங்கள் சொல்வதில் பாதி சரி. மார்க் போடுவதற்காக நான் கேட்கவில்லை, யார் படத்துக்குக் கீழும் யாரும் அப்படி எழுதவும் கூடாது. மீதிப் பாதிக்கு வெள்ளைப்பருத்தி அம்மா வரட்டும்.

வெள்ளைப்பருத்தி

கூப்பிட்டதற்கு நன்றி. நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பது அந்தத் தையலையும், தைத்த பொருளின் பயனையும் பொறுத்தது. எல்லாவற்றுக்கும் ஒரே விதி கிடையாது. சில வேலைகளில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். கர்நாடகத்துக் கசூதி எம்பிராய்டரியில் கவந்தி, முர்கி என்று இரண்டு தையல்கள் உண்டு. ஓட்டுத் தையலாக ஒரு வழி போய், திரும்பி வரும்போது விட்ட இடைவெளிகளை நிரப்பிக்கொண்டே வருவார்கள். முடிச்சு போடும் வழக்கமே கிடையாது, இரு பக்கமும் அச்சாக ஒரே மாதிரி வரும். இமாசலத்துச் சம்பா ருமால் என்ற கைக்குட்டைத் துணியில் சாட்டின் தையலையே (நூலை நெருக்கமாக அடுக்கி இடத்தை நிரப்புவது) முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் நிரப்பிக்கொண்டு போவார்கள், ருமாலை எப்படிப் போட்டாலும் அதே கண்ணன், அதே கோபியர். நீலகிரித் தோடர்களின் பூத்தையலும் அப்படித்தான். வரைந்துகொள்ளாமல் வெள்ளைப் பருத்தியின் இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகத் தைப்பார்கள். இரண்டு பக்கத்தையும் பயன்படுத்தலாம். போர்த்திக்கொள்ளும் துணிக்கு இரண்டு பக்கமும் தெரியும் அல்லவா?

லக்னோ சிக்கன் வேலையில் பக்கியா என்ற தையலைப் பாருங்கள். மெல்லிய துணியின் பின்பக்கத்தில் குறுக்கும் மறுக்குமாகப் போகும் ஹெர்ரிங்போன் தையலாக நிரப்புகிறார்கள். முன்னால் தெரிவது இதழின் ஓரக்கோடும், துணி வழியாகத் தெரியும் நூலின் நிழலும்தான். அந்தப் பூவே பின்பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே பின்பக்கத்தை மறைத்துவிட்டு என்னத்தைக் கற்பது?

இன்னொரு பக்கம், பிரான்சில் 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பேயோ திரைச்சீலை இருக்கிறது. லினன் துணியில் கம்பளி நூலால் தைத்தது, நீளம் ஏறக்குறைய 70 மீட்டர். 1982-83-இல் அதன் பின்துணியைப் பிரித்து ஆராய்ந்தார்கள். பின்பக்கம் ஒன்றும் முன்பக்கத்தின் நகல் இல்லை. பரந்த இடங்களை நிரப்பியிருக்கும் தையலில் நூலின் பெரும்பகுதி முன்னால்தான் கிடக்கும், விலையுள்ள நூலைப் பின்னால் வீணாக்காத முறை அது. அது நீண்டு கிடந்து பார்க்கப்பட வேண்டிய துணி, யாரும் உடுத்திப் புரட்டப்போவதில்லை. அதற்கு அந்தப் பின்பக்கம் போதும்.

ஆகவே பச்சைப்பொத்தான், சட்டத்துக்குள் போகிற வேலைக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் குழந்தையின் சட்டையில் பூத் தைத்தால் கதை வேறு. பின்னால் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு நூலை நீளமாக இழுத்துக்கொண்டு போயிருந்தால் அந்த வளையத்தில் குழந்தையின் விரல் மாட்டும். வெறும் முடிச்சு நாலு துவைப்பில் அவிழும், அவிழாவிட்டால் தோலில் உறுத்தும். அங்கே பின்பக்கத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

மழைநீலம்

அம்மா, இதைப் படித்துவிட்டு என் பேத்தி சட்டையைத் திருப்பிப் பார்த்தேன். நூல் நீளமாகப் போகும் இடங்களுக்கு மேல் என்ன செய்யலாம்? பிரித்துத் தைக்க மனசில்லை.

வெள்ளைப்பருத்தி

பிரிக்க வேண்டாம். மெல்லிய மல் துணி ஒரு துண்டு எடுத்து, ஓரத்தை மடித்து, பூ வேலையின் பின்னால் வைத்து ஹெம்மிங் செய்துவிடுங்கள். தையல் முன்பக்கம் வராமல் ஒவ்வொரு இழையாக மட்டும் பிடியுங்கள்.

புதுத்தையல்

எல்லோருக்கும் வணக்கம். பச்சைப்பொத்தான் அக்கா சொன்ன "புதிதாகச் சேர்ந்தவர்" நான்தான் என்று நினைக்கிறேன். எனக்குப் பின்பக்கப் படங்கள்தான் பிடித்திருக்கின்றன, ஏனென்றால் என் பிரச்சினையே பின்பக்கத்தில்தான்.

தலையணை உறை தைக்கிறேன். மேலே தையல் நேராக இருக்கிறது. கீழே நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கிக்கொள்கிறது, படம் போட்டிருக்கிறேன். கீழே சிக்குவதால் பாபின்தான் (கீழ் நூல் சுற்றிய உருளை) கோளாறு என்று பாபினைக் கழற்றிச் சுற்றிச் சுற்றி மாட்டிப் பார்த்தாயிற்று. என்ன செய்வது?

சட்டைக்காரர்

படத்தைப் போட்டீர்களே, அதனால் உடனே சொல்ல முடிகிறது. கோளாறு பாபினில் இல்லை, மேல் நூலில். கீழே வழிந்து கிடப்பது எந்த நூலின் நிறம் என்று பாருங்கள், மேல் நூலின் நிறம்தான் இருக்கும்.

மேல் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தகடுகள் இரண்டுக்கும் நடுவில் உட்கார வேண்டும். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட் கீழே இறங்கியிருந்தால் அந்தத் தகடுகள் மூடிக்கொண்டிருக்கும். அப்போது நூல் கோத்தால் நூல் தகடுகளுக்கு வெளியிலேயே நின்றுவிடும். இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லாததால் நூல் தாராளமாக இறங்கிக் கீழே சிக்கும். ஆகவே ஃபுட்டை மேலே தூக்கி, ஊசியை உச்சியில் நிறுத்தி, மேல் நூலை முழுக்க எடுத்துவிட்டு முதலிலிருந்து கோத்துவிடுங்கள். ஏறி இறங்கும் கொக்கி இருக்கிறதே, அதில் நூல் மாட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். சோதிக்க எளிய வழி: ஃபுட் மேலே இருக்கும்போது நூலை இழுத்தால் லேசாக வர வேண்டும், ஃபுட்டை இறக்கிவிட்டு இழுத்தால் இறுக்கம் தெரிய வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி வந்தால் நூல் தகட்டில் இல்லை.

புதுத்தையல்

சரியாகிவிட்டது அண்ணா!! ஃபுட் கீழே இருந்தபடியேதான் ஒவ்வொரு முறையும் கோத்திருக்கிறேன்.

இன்னொன்று கேட்கலாமா? பழைய டி-ஷர்ட்டை வெட்டிச் சின்னப் பை தைக்கலாம் என்று ஆரம்பித்தேன். பனியன் துணியில் மட்டும் தையல் விட்டுவிட்டு விழுகிறது.

சட்டைக்காரர்

ஊசியை மாற்றுங்கள். ஊசி அடிவரை போய் மேலே எழும்பும்போது அதன் பின்னால் மேல் நூல் ஒரு சின்ன வளையமாகப் பிதுங்கும். கீழே சுழலும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்தால்தான் தையல் விழும். பனியன் துணி இழுபடும் துணி, ஊசியோடு சேர்ந்து அதுவும் மேலே எழும்பிவிடுகிறது. வளையம் உருவாவதில்லை, கொக்கி வெறுமனே சுற்றிவிட்டுப் போகிறது.

பால்பாயின்ட் ஊசி என்று கேட்டு வாங்குங்கள். கூர்முனைக்குப் பதில் உருண்ட முனை, இழையைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு நுழையும். 75 அல்லது 80 எண் போதும். எண் என்பது ஊசியின் தடிமன்: 80 என்றால் 0.8 மி.மீ, 90 என்றால் 0.9. நேர்த்தையலுக்குப் பதில் மெல்லிய ஜிக்ஜாக் வையுங்கள், இல்லாவிட்டால் பையை இழுத்த அன்றே நூல் அறும். துணியைப் பின்னாலிருந்து இழுக்காமல் மெஷினே எடுத்துக்கொண்டு போக விடுங்கள்.

குரோஷாக்காரி

என் பொம்மை முயல். பஞ்சு அடைத்து மூடிவிட்டதால் உள்பக்கத்தைக் காட்ட முடியாது, ஆனால் பாதியில் எடுத்த படம் இருக்கிறது.

குரோஷே பொம்மைக்கும் நல்ல பக்கம் உண்டு என்று பலருக்குத் தெரிவதில்லை. மேஜிக் ரிங்கில் (தொடக்கத்தில் போடும் நூல் வளையம்) 6 கண்ணி, அடுத்த சுற்றில் 12, பிறகு 18, 24 என்று கூட்டிக்கொண்டு போவோம். கூட்டுவதை நிறுத்தியதும் துண்டு குவிய ஆரம்பிக்கும், அநேகமாக உள்பக்கம் வெளியே தெரியும்படி. அந்த இடத்தில் புரட்டிவிட வேண்டும். வரிசை வரிசையாகச் சின்ன "வி" வடிவம் தெரிந்தால் அது நல்ல பக்கம், குறுக்குக் கோடுகளாகத் தெரிந்தால் உள்பக்கம். குறைக்கும்போது அடுத்த இரண்டு கண்ணிகளின் முன் இழையை மட்டும் ஊசியில் எடுத்துச் சேர்த்துப் பின்னுங்கள், ஓட்டை விழாது. நூல் உறையில் எழுதியிருப்பதைவிட ஓர் அளவு சின்ன குரோஷா ஊசி எடுத்தால் பின்னல் நெருக்கமாகி உள்ளிருக்கும் பஞ்சு தெரியாது.

கண் இரண்டும் கறுப்பு நூலில் தைத்தவை. பிளாஸ்டிக் கண் வைக்கச் சொல்லித்தான் கேட்டார்கள். ஆனால் பொம்மை போகிற வீட்டில் எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தை இருக்கிறது. 3 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கழன்று வரக்கூடிய எதையும் வைத்துக் கொடுக்க மாட்டேன், இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

நூல்கண்டு

காது மடங்கி நிற்பது எவ்வளவு உயிரோட்டமாக இருக்கிறது!

இழையோட்டி

நான் புதிதாக ஒன்றும் செய்யவில்லை, கம்பளி ஸ்வெட்டரின் முழங்கை ஓட்டையை அடைத்தேன். இங்கே போடலாம்தானே?

ஓட்டையைச் சுற்றி ஒரு செ.மீ வரை நல்ல பகுதியிலிருந்தே தொடங்கியிருக்கிறேன். ஓட்டையின் விளிம்போடு நிறுத்தினால் நைந்த இழை புது நூலைத் தாங்காது, பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழும். முதலில் நீளவாக்கில் வரிசையாக ஓட்டு, அப்புறம் குறுக்கே ஒன்றுக்கு மேல், ஒன்றுக்குக் கீழ் என்று நெய்துகொண்டே வர வேண்டும். முழங்கைக்கு உள்ளே வளைவான ஒரு மரக்கரண்டியை வைத்துக்கொண்டேன், துணி சுருங்காமல் நின்றது.

பின்பக்கப் படத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் சின்னச் சின்ன வளையம் தெரிகிறது பாருங்கள். அது வேண்டுமென்றே விட்டது. புது நூல் துவைத்ததும் கொஞ்சம் சுருங்கும், அப்போது அந்த வளையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். வளையம் இல்லாமல் இறுக்கித் தைத்தால் ஒட்டுப் போட்ட இடம் சுருங்கிச் சுற்றியுள்ள பின்னலையும் இழுத்துக் கோணலாக்கிவிடும்.

வெள்ளைப்பருத்தி

தாராளமாகப் போடலாம். இந்த மாதம் வந்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். புதிதாக ஒன்று தைப்பதைவிட, நைந்ததைக் காப்பாற்றுவதற்குத் துணியை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

மழைநீலம்

நானும் ஒன்று போடுகிறேன், ஒட்டுத்துணிப் போர்வை. மேல்துணி முடிந்து, பஞ்சும் பின்துணியும் சேர்த்துக் கையால் ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டிருக்கிறேன். சதுரங்களின் மூலைகள் எப்படி இவ்வளவு துல்லியமாகச் சேர்ந்தன என்று கூடலில் கேட்டீர்கள். எல்லாத் தையலும் 1/4 இன்ச். ஒரு வரிசையின் தையல் மடிப்புகளை எல்லாம் இடப்பக்கம் இஸ்திரி போட்டால், அடுத்த வரிசையை வலப்பக்கம். இரண்டு வரிசைகளையும் சேர்க்கும்போது மடிப்புகள் எதிரெதிரே வந்து ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினாலே தெரியும், அந்த இடத்தில் ஊசி குத்திவிட்டால் நகராது. இஸ்திரியைத் தேய்த்து இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள், இல்லாவிட்டால் சதுரம் சதுரமாக இருக்காது.

ஒரு கேள்வி. பின்துணியில் ஒரு மடிப்பு விழுந்து அதன் மேலேயே தையல் போயிருக்கிறது. அந்தப் பகுதியை மட்டும் பிரித்தால் போதுமா? மேல்துணியில் சிவப்பும் இருக்கிறது, துவைக்கும்போது சாயம் இறங்குமோ என்ற பயமும் இருக்கிறது.

ஊசிமுனை

மடிப்பு உள்ள இடத்தில் மட்டும் பிரியுங்கள். அங்கிருந்து கிட்டத்தில் உள்ள ஓரத்தை நோக்கி மடிப்பைத் தள்ளிவிட்டு மறுபடி கச்சாத் தையல் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போடுங்கள். கச்சாத் தையலை எப்போதும் நடுவில் தொடங்கி ஓரத்துக்குக் கொண்டுபோனால் இந்தச் சிக்கல் குறையும். பின்துணியை முதலில் தரையில் இழுத்து, ஓரங்களை ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டு அதன்மேல் பஞ்சை விரியுங்கள்.

சாயத்துக்கு, நனைத்த வெள்ளைத் துணியால் சிவப்பைத் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் முதல் துவைப்பில் ஏராளமான தண்ணீர் வைத்து, ஊறப்போட்டு மடித்து வைக்காமல் அலசுங்கள். ஒருவேளை பக்கத்துச் சதுரத்தில் நிறம் இறங்கிவிட்டாலும் காயவிடாதீர்கள், இஸ்திரி வேண்டவே வேண்டாம். ஈரமாக இருக்கும்போதே மறுபடி மறுபடி அலசினால் பெரும்பாலும் போய்விடும். சூடு பட்டபின் எடுப்பது கஷ்டம்.

பச்சைப்பொத்தான்

எல்லாப் பதிவையும் படித்தேன். புதுத்தையலின் சிக்கலைப் படத்தைப் பார்த்ததுமே சட்டைக்காரர் கண்டுபிடித்துச் சொன்னதைப் பார்த்தபிறகு, பின்பக்கத்தைக் காட்டுவதால் பயன் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இது கட்டாயம் என்று யாருக்கும் தோன்றக் கூடாது என்பதில் நான் மாறவில்லை. "விரும்பினால்" என்று ஒரு சொல் சேர்க்க முடியுமா?

இதோ நான் முடித்தது. வட்டச் சட்டத்துக்குள் காட்டுப்பூக் கொத்து. ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் பிரெஞ்சு முடிச்சுகள், காம்புத் தையல், இதழ் போல வளையமாக வரும் லேஸி டெய்ஸி. நூலை ஒவ்வொரு இழையாகப் பிரித்து எடுத்து மறுபடி சேர்த்துக் கோத்ததால் இதழ்கள் முறுக்கிக்கொள்ளாமல் படிந்திருக்கின்றன. பிரெஞ்சு முடிச்சில் ஊசியை வந்த துளையிலேயே திருப்பி இறக்காமல் ஓர் இழை தள்ளி இறக்குங்கள், முடிச்சு உள்ளே போய்விடாது. பின்பக்கத்தில் ஃபெல்ட் ஒட்டிவிட்டேன்.

ஊசிமுனை

சேர்த்துவிட்டேன், முதல் பதிவில் "விரும்பினால்" இருக்கிறது. அந்த ஊதா முடிச்சுகள் ஒன்றுபோல் நிற்கின்றன. நூலை எத்தனை சுற்று சுற்றினீர்கள்?

பச்சைப்பொத்தான்

ஒரே சுற்றுதான். பெரிய முடிச்சு வேண்டிய இடத்தில் சுற்றைக் கூட்டாமல் இழையைக் கூட்டினேன். சுற்று அதிகமானால் முடிச்சு சாய்ந்துவிடுகிறது. ஊசியை இறக்கும் வரை நூலை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

புதுத்தையல்

தலையணை உறை முடிந்தது. மேலும் கீழும் படம் போட்டிருக்கிறேன். தையலின் தொடக்கத்தில் மட்டும் இன்னும் ஒரு சின்னச் சிக்கு இருக்கிறது, மற்றபடி கீழ்ப்பக்கமும் நேராகவே வந்திருக்கிறது.

சட்டைக்காரர்

நன்றாக வந்திருக்கிறது. தொடங்கும்போது மேல் நூல், கீழ் நூல் இரண்டின் வாலையும் நாலு இன்ச் நீளத்துக்கு எடுத்து, ஃபுட்டுக்கு அடியில் பின்பக்கமாகப் போட்டு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நான்கு தையல் விழுந்ததும் விட்டுவிடலாம். துணியின் விளிம்பிலேயே ஊசியை இறக்காமல் கொஞ்சம் உள்ளே தள்ளித் தொடங்கி, இரண்டு தையல் பின்னால் வந்து, அப்புறம் முன்னால் போங்கள்.